நிலை வைக்காத வீடு

ஈரத் துணியில் ஒற்றி எடுத்தால்தான் அந்தக் கட்டைவிரலை விரலென்று போன் ஒப்புக்கொள்ளும். வருஷக்கணக்காகக் கிரைண்டிங் மெஷினைப் பிடித்துப் பிடித்து நுனித்தோல் தேய்ந்து, ரேகை அழிந்து, காய்ந்துபோன விரல். கம்பெனி கேட்டில் இருக்கிற வருகைப் பதிவு மெஷினுக்கும் அதைத் தெரியாது. வாட்ச்மேன்தான் தினமும் பேரை எழுதி உள்ளே விடுவார். ஆகையால் மடியில் ஒரு கைக்குட்டை, பக்கத்தில் பாட்டில் மூடியில் கொஞ்சம் தண்ணீர். ஒற்றி ஒரு வரி, மறுபடி ஒற்றி இன்னொரு வரி. எடை மேடைக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில், சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மதிய இடைவேளை முழுக்க அந்தக் கைகள் இதே வேலையாக இருந்தன.

போன் கண்ணாடிக்குள் ஒரு ஏரி இருந்தது. கோடையில் தண்ணீர் இறங்க இறங்க, அதன் மதகைக் காக்கிற ஆவிக்குக் குரல் எப்படிக் கம்மிக்கொண்டே போகும் என்று எழுத்து எழுத்தாக விழுந்துகொண்டிருந்தது.

"இன்னா லோகு, ஆண்டி பதில் போட்டுச்சா இல்லியா?"

கூட வேலை செய்கிற சின்னதுரை. லோகு போனில் யாரோ ஒரு பொம்பளையோடு பேசுகிறான் என்பது அவன் நினைப்பு. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு எதிரே குந்தினான்.

"போட்டுச்சு. ஒன்னியப் பத்திதான் கேட்டுச்சு."

"என்னியப் பத்தியா? இன்னான்னு?"

"இந்த மூஞ்சிய வெச்சிக்கினு கீறவனுக்கு எவன்டா பொண்ணு குடுத்தான்னு."

சின்னதுரைக்குச் சிரிப்பில் புகை புரையேறியது. "எனக்காவது குடுத்தான். ஒனக்கு நாப்பது தாண்டியும் எவனும் குடுக்கலியே நைனா."

சொல்லி முடித்த பிறகுதான் கொஞ்சம் கூடிப்போச்சோ என்று பட்டது போல. பீடியை லோகு பக்கம் நீட்டினான். லோகு வேண்டாமென்று தலையாட்டிவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தான். சங்கு ஊதிவிட்டது.

லோகநாதன் ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக்காரன். இருபது வயதில் கும்மிடிப்பூண்டிக்கு வந்து, இரும்பு வார்க்கிற இந்தப் பவுண்டரியில் பிசிறு தேய்க்கிற செக்ஷனில் சேர்ந்தான். இன்றைக்கும் அதே செக்ஷன். அச்சிலிருந்து வெளியே வருகிற வார்ப்பில் ஓரமெல்லாம் வேண்டாத இரும்பு பிதுங்கி நிற்கும். அதைத் தேய்த்து எடுத்து, சாமானைச் சாமானாக்க வேண்டும். கூடத் தேய்த்தாலும் ரிஜெக்ட், குறையத் தேய்த்தாலும் ரிஜெக்ட். பெத்திக்குப்பத்தில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தான். ஊரில் அண்ணன் குடும்பம். அம்மா இருந்தவரை பெண் பார்த்தார்கள். அம்மா போனபிறகு அந்தப் பேச்சை எடுக்க ஆளில்லை.

படிப்பு பத்தாவது. எழுதுவதற்கு அவனுக்கு வாத்தியார் கிடையாது. பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கிளிப் போட்டுத் தொங்குகிற மாத நாவல்களை வாங்கிப் படித்துப் படித்து, அத்தியாயம் எங்கே நின்றால் ஆள் அடுத்த பக்கத்தைத் திருப்புவான் என்பதைத் தானாகப் பிடித்துக்கொண்டான். பேய்க்கதையாகப் பார்த்து வாங்குவான். எல்லாப் பேயும் ஒரு பெண்ணுக்காக வரும், அல்லது பெண்ணாக வரும். ஓர் ஆண் மேல் பிரியம் வைத்து அவனைத் தேடி வருகிற ஆண் பேயை ஒரு புத்தகத்திலும் காணோம். காணாத கதையைத் தானே எழுதிப் பார்க்கலாமென்று ஒரு கதைச் செயலியில் 'கரையோரத்தான்' என்கிற பேரில் ஆரம்பித்தான்.

சோழவரம் ஏரியை மனதில் வைத்துக்கொண்டு, பேரை மட்டும் மாற்றி ஒரு ஏரி. அதன் கரை ஒரு காலத்தில் உடையப்பார்த்தபோது, மதகுப் பலகையைத் தோளால் தாங்கி நின்று, தாங்கியபடியே செத்துப்போன பச்சையன் அங்கே ஆவியாக இருக்கிறான். ஏரிக்கரைப் பம்ப் ஹவுஸில் வேலைக்கு வருகிறான் தாஸ். ஒரு ஆவி, ஒரு ஆள், இருவருக்கும் காதல். சொல்லப்போனால் அவ்வளவுதான் கதை.

ஆனால் ஏரி லோகுவை இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் சோழவரத்துக்கு பஸ் ஏறிப் போய் மதகடியில் உட்கார்ந்து பார்ப்பான். வந்து எழுதுவான். பச்சையன் நடந்தால் தடம் ஈரமாகப் பதியும். நிழல் தரையில் விழாது, தண்ணீரில் மட்டும் விழும். வாய்க்கால் தண்ணீர் எதுவரை போகிறதோ அதுவரைதான் அவன் போகலாம். தானாகத் தண்ணீர் அள்ளிக் குடிக்க முடியாது, உயிரோடிருக்கிற ஒருவர் ஊற்றினால்தான் தொண்டையில் இறங்கும். ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு காவலன், ஆடியில் புதுத்தண்ணீர் வரும்போது எல்லாக் காவலர்களும் கூடுகிற சபை, அந்தச் சபையில் யார் முதலில் பேசுவது என்கிற முறை. இப்படியே அத்தியாயம் அத்தியாயமாகப் போயிற்று. பேய்க்காக வந்தவர்கள் இரண்டு ஆண்கள் கையைப் பிடித்துக்கொண்டதும் ஓடிப்போனார்கள். காதலுக்காக வந்தவர்கள், எங்கே பார்த்தாலும் தண்ணீராக இருக்கிறதே என்று நழுவினார்கள். கடைசியில் தங்கினது ஒரே ஒரு ஆள். செயலியில் அவன் பேர் 'வள்ளூர் ஜி'.

வள்ளூர் ஜியின் முதல் கருத்து இப்படி இருந்தது: "பம்ப் ஹவுஸ்ல ஒத்த ஆளா ஷிஃப்ட் போட மாட்டாங்க தலைவா. ரெண்டு பேரு இருக்கணும், அதான் ரூல். ஆனா பரவால்ல, ஒத்த ஆளாவே இருக்கட்டும். அப்பதான அவன் வருவான்."

லோகு அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். பிறகு செயலியின் தனி அறையில் எழுதிக்கொண்டார்கள். வள்ளூர் ஜி என்பது ஜெரால்ட். வள்ளூரில் அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் ஃபிட்டர். அக்கா வீட்டில் இருப்பவன், கல்யாணமாகாதவன். லோகுவும் தன் பேரை, வயதை, போன் ஒப்புக்கொள்ளாத விரலைச் சொல்லியிருந்தான். மோட்டாரில் ஏதாவது சந்தேகமென்றால் கூப்பிடுங்கள் என்று நம்பரும் கொடுத்திருந்தான். லோகு கூப்பிட்டதில்லை. நம்பர் இருக்கிறது என்பதே போதுமாக இருந்தது.

ஒருநாள் ஜெரால்ட் கேட்டான்: "ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. அவங்க ரெண்டு பேரும் சேருவாங்களா? நான் படிச்சதுலலாம் நம்மள மாதிரி ஆளுங்க தூக்குல தொங்குறானுங்க, இல்லாங்காட்டி கண்ணத் தொடச்சிக்கினு தாலி கட்டப் போறானுங்க. இதுவும் அப்பிடித்தான்னா இப்பவே நின்னுக்கறேன். வயசாவுது தலைவா, தாங்காது."

"சேருவாங்க" என்று லோகு அடித்தான். "சத்தியமா."

அடித்த கையோடு பழைய அத்தியாயங்களைத் திருப்பிப் பார்த்தான். ஏனென்றால் மூன்றாம் அத்தியாயத்திலேயே அவன் ஒரு விதி போட்டிருந்தான்: பச்சையன் எந்த வீட்டு நிலைவாசலையும் தாண்டக் கூடாது. தாண்டினால் நீராவியாகப் போய்விடுவான். திரும்பி வர மாட்டான்.

அந்த விதி எங்கேயிருந்து வந்தது என்பது லோகுவுக்குத் தெரியும். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கத்துக் கம்பெனியில் அன்புசெல்வன் என்றொருவன் இருந்தான். ஞாயிறு தவறாமல் பெத்திக்குப்பம் அறைக்கு வருவான். வந்து, கதவு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்று மணிக்கணக்காகப் பேசுவான். தண்ணீர் கேட்பான். லோகு சொம்பில் கொண்டுவந்து கொடுப்பான். அண்ணாந்து குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது விரல்கள் படும். எதிர் வீட்டில் ஹவுஸ் ஓனர் அம்மா துணி காயப்போட்டுக்கொண்டே பார்த்திருப்பாள். உள்ளே வா என்று லோகு ஒருநாளும் சொன்னதில்லை. அவனும் வரட்டுமா என்று கேட்டதில்லை. கடைசியில் ஓசூருக்கு வேலை மாறி, கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தான். அதையும் நிலைக்கு வெளியே நின்றபடியேதான் நீட்டினான்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டுமே. லோகு குறுக்கு வழியில் போனான். அடைமழை பெய்கிறது, தாஸ் காய்ச்சலில் கிடக்கிறான், வெளியே நிற்கிற பச்சையன் பொறுக்கமாட்டாமல் நிலையைத் தாண்டி உள்ளே வந்துவிடுகிறான். ஒன்றும் ஆகவில்லை. அன்பு பெரிதாக இருந்ததால் விதி விட்டுக்கொடுத்துவிட்டது. எழுதிப் போட்டுவிட்டு, சந்தோஷமாகவே வேலைக்குப் போனான்.

சாயந்திரம் ஜெரால்டின் பதில் வந்திருந்தது. "ஏமாத்திட்டீங்க. அந்த விதிய நானா போட்டேன்? நீங்கதான போட்டீங்க. அவன் தாண்டவே முடியாதுன்னு எத்தினி ஞாயித்துக்கெழமை நான் வயித்துல நெருப்பக் கட்டிக்கினு படிச்சேன். இப்ப நோவாம உள்ள வந்துட்டான். அப்ப இத்தினி நாளு வெளிய நின்னது இன்னாத்துக்கு?"

அதற்குமேல் ஒன்றும் எழுதவில்லை. லோகு அந்த அத்தியாயத்தைத் தூக்கிவிட்டு, மன்னிப்புக் கேட்டு எழுதினான். பதில் இல்லை. அடுத்த வாரமும் இல்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை.

அவனோடு நாலு வார்த்தை பேசுகிறவர்கள் கம்பெனியில் இருந்தார்கள், டீக்கடையில் இருந்தார்கள். ஆனால் லோகு இன்னார் என்று தெரிந்து பேசினது அந்த ஒரு ஆள்தான். ஞாயிற்றுக்கிழமைகள் நீண்டுபோயின. துணி துவைப்பான், சோறு வடிப்பான். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு டிவி ஓடும். அந்த சீரியலில் வருகிறவர்களின் முகம் அவனுக்குத் தெரியாது, குரலை வைத்தே யார் அழுகிறார்கள் என்று சொல்வான். ஸ்டேஷனுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்து, சென்னையிலிருந்து வருகிற மின்சார ரயில் ஆட்களை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புவதைப் பார்ப்பான். கதை அப்படியே நின்றது. விதியை வைத்துக்கொண்டால் அவர்கள் சேர முடியாது. விதியை எடுத்தால் அந்தக் காதலில் ஒன்றுமில்லை. வேறு விதி எழுதித் தப்பிக்கலாம் என்று சபை அத்தியாயத்தை இன்னும் நீட்டிப் பார்த்தான். மற்ற ஏரிக் காவலர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். தாஸும் பச்சையனும் வாசலுக்கு உள்ளேயும் வெளியேயுமாக அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சின்னதுரை வீடு கட்ட ஆரம்பித்தான். "ஞாயித்துக்கெழம நிலை வெக்கறோம். வந்துரு. வராட்டி மெஷின்ல ஒன் கைய வுட்டுருவேன்" என்று கூப்பிட்டுவிட்டுப் போனான்.

லோகு போனான். சிறுபுழல்பேட்டையில் சின்ன மனை. கடைக்காலுக்கு மேல் தளம் போட்டு, அறைகளுக்குக் கோடு போட்டதுபோல இரண்டு வரிசை கல் மட்டும் கட்டியிருந்தது. வேப்பமர நிலை மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டிப் படுத்துக் கிடந்தது. நல்ல நேரம் வந்ததும் நாலு பேர் பிடித்து நிறுத்தினார்கள். அடியில் நவதானியமும் காசும் போட்டார்கள்.

"ஜோடி ஜோடியா வாங்க, பால் ஊத்துங்க" என்று சின்னதுரையின் பொண்டாட்டி பூமிகா கூப்பிட்டாள். அண்ணன் அண்ணி, மாமா அத்தை, பக்கத்து வீட்டுப் புதுக் கல்யாணக்காரர்கள் என்று வரிசையாக வந்து நிலையைத் தொட்டுப் பால் ஊற்றினார்கள். பூமிகாவின் கண் லோகு மேல் வந்து நின்றது. "அண்ணா, நீங்க..." என்று தொடங்கி, "நீங்க அந்த வாளிய மட்டும் கொஞ்சம் புடிச்சிக்கோங்கணா" என்றாள். லோகு வாளியைப் பிடித்துக்கொண்டான். கடைசி ஜோடி ஊற்றும்வரை பிடித்துக்கொண்டிருந்தான். பால் அவன் செருப்பில் தெறித்தது.

வாளியை வைத்துவிட்டுத் திரும்பும்போது, கோடு போட்ட மாதிரி கிடந்த கல்வரிசையைத் தாண்டிப் பின்பக்க அறையிலிருந்து முன்பக்கத்துக்கு வந்தான். ஒரு பெரியம்மா அதட்டினாள். "இன்னாப்பா, செவுத்து வழியா வர்றே! வாசல் வழியா வா."

கரணையைத் துடைத்துக்கொண்டிருந்த மேஸ்திரி சிரித்தார். "வுடுமா. இப்பதான நிலை நின்னுக்குது. அரை மணி முன்னாடி வரிக்கும் இது ஊடே கெடயாது, வெறும் எடந்தான். ஆடு போவும், நாய் போவும், பேய் கூடக் குறுக்கால போவும். எவன் கேக்கறது?"

எல்லாரும் சிரித்தார்கள். லோகு சிரிக்கவில்லை. நிலையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"இன்னாடா, சொந்த ஊடு கட்ற மாதிரி மொறைக்கற? வா, நாஷ்டா துன்னு" என்று சின்னதுரை தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனான். இட்லியை விண்டுகொண்டே லோகு மனதில் எழுதிக்கொண்டிருந்தான்.

தாஸ் ஏரிக்குக் கீழே வாய்க்காலை ஒட்டி மனை வாங்குகிறான். சுவர் எழுப்புகிறான், கூரை போடுகிறான். நிலை மட்டும் வைப்பதில்லை. வைக்கப்போவதுமில்லை. நிலை இல்லாவிட்டால் அது வீடில்லை. வீடில்லாத இடத்தில் பச்சையன் தாராளமாக வரலாம். விதி உடையவில்லை, ஒரு சொல்கூட மாறவில்லை. ஆனால் தாஸ் அதற்குக் கொடுக்கிற விலை? கதவு போட முடியாது. கதவில்லாத வீட்டுக்குக் கதவு எண் கிடையாது, எண் இல்லையென்றால் ரேஷன் கார்டு கிடையாது. நாய் வரும், பாம்பு வரும். கல்யாணப் பத்திரிகை வைக்க ஒருவரும் வர மாட்டார்கள், எங்கே நின்று கூப்பிடுவது? ஊர் பைத்தியம் என்று சொல்லும். மழை நேரே உள்ளே வரும். மழை உள்ளே வந்தால் அவனும் வருவான்.

மதிய இடைவேளைகளில் ஒற்றி ஒற்றி எழுதி முடித்தான். செயலியில் போட்டான். வள்ளூர் ஜியிடமிருந்து ஒன்றுமில்லை. மூன்று நாள் பார்த்தான். நாலாவது நாள் சாப்பாட்டைத் திறக்காமலே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, முதல் தடவையாக அந்த நம்பரைக் கூப்பிட்டான்.

ஒரு பெண்குழந்தை எடுத்தது. "மாமா டூட்டிக்குப் போயிருக்காரு. நீங்க யாரு?"

"நான்... லோகுன்னு சொல்லும்மா."

"எந்த லோகு?"

"ஏரிக்கரை லோகுன்னு சொல்லு" என்று வைத்துவிட்டான்.

ஜெரால்ட் மறுநாள் வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டான். பின்னால் ஏதோ பெரிய மெஷின் இரைந்தது. குரல் லோகு நினைத்திருந்ததைவிட மெல்லிசாக இருந்தது.

"தலைவா, கோவம்லாம் ஒண்ணுமில்ல. ஒரு வாரம் இருந்துச்சு, பொய் சொல்லல. அதுக்குள்ள போனு அக்கா பசங்க கைக்குப் போயிடுச்சு. பாடம் அதுலதான் வருதாம். ஒருநாளு பெரியவன் 'மாமா, இது இன்னா ஆப்பு, ஒரே ஆம்பளைங்களா கீறாங்க'ன்னான். எனக்கு ஒடம்பே ஆடிப்போச்சு. அன்னிக்கே எடுத்துட்டேன். ஒங்களப் புடிக்கற வழியும் அதோட போச்சு. நம்பரும் என்கிட்ட இல்ல."

"முடிச்சிட்டேன்" என்றான் லோகு.

அந்தப் பக்கம் மெஷின் இரைச்சல் குறைந்தது, ஜெரால்ட் தள்ளி வந்திருக்க வேண்டும்.

"சேந்துட்டாங்களா?"

"சேந்துட்டாங்க."

"ஏமாத்தலியே?"

"படிச்சிட்டு நீங்களே சொல்லுங்க."

"எதுல படிக்கறது? பேப்பர்ல குடுங்களேன். பைபிள் பையில வெச்சிக்கினேன்னா எங்க ஊட்ல ஒருத்தரும் கை வெக்க மாட்டாங்க."

கும்மிடிப்பூண்டி பஜாரில் நர்மதா வைத்திருந்த ஜெராக்ஸ் கடை லோகுவுக்குத் தெரியும். சம்பளச் சீட்டு, ஆதார் நகல் எல்லாம் அங்கேதான். கதையை அவளுக்கு வாட்ஸப்பில் அனுப்பி, பக்கம் போட்டு எடுத்துத் தரச் சொன்னான். "ஃப்ரெண்டு எழுதினது" என்றான். அனுப்பின பிறகு அந்தப் பக்கமே நாலு நாள் போகவில்லை. போன அன்றைக்குக் கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து நின்றான்.

நர்மதா கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒங்க ஃப்ரெண்டு கதையப் படிச்சேங்ணா. பக்கம் போடறப்ப கண்ணுல படுமில்ல, அப்பிடியே இழுத்துக்கினு போயிடுச்சு."

லோகு கல்லாப்பெட்டி மேலிருந்த ஸ்டேப்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கடைசியில ஊடு கட்றான் பாருங்க, அந்த எடத்துல அழுதுட்டேன். எங்க வூட்டுக்காரரு வந்து இன்னாடி ஆச்சுன்னு கேக்கறாரு. ஆனா ஒங்க ஃப்ரெண்டுகிட்ட ஒண்ணு சொல்லணும். சொன்னா கோச்சிக்குவாரா?"

"கோச்சிக்க மாட்டாரு. சொல்லு."

"இந்த ஏரிங்கள்லாம் ஒண்ணாக் கூடி மீட்டிங் போடுதே, அம்மாடி! பஞ்சாயத்து ஆபீஸ்ல குந்திக்கினு கீற மாதிரி கொட்டாவியா வந்துச்சு. அதுக்கு அத்தினி பக்கம். அவன் உள்ள நிக்கறான், இவன் வெளிய நிக்கறான், நடுவுல சொம்பு தண்ணி. ஊத்தினாத்தான் அவனால குடிக்க முடியும்னு நீங்கதான எழுதிக்கீறீங்க... இல்ல, ஒங்க ஃப்ரெண்டு எழுதிக்கீறாரு. அவ்ளோ கஷ்டப்பட்டு அத வெச்சிட்டு, ஊத்தற எடத்துல 'தாஸ் ஊற்றினான், பச்சையன் குடித்தான்'னு ஒரே வரியில போறாரு. எனக்குக் கையில குடுத்துட்டுப் புடுங்கிக்கின மாதிரி ஆயிடுச்சு. ஏங்ணா, அவருக்கு வெக்கமா?"

"இருக்கும்" என்றான் லோகு.

"அப்ப இப்ப பிரிண்ட் எடுக்கவா, வேணாவா?"

"இரு. அவர்கிட்டக் கேட்டுட்டு வர்றேன்."

ஏரிகளின் சபை அவனுக்கு மிகவும் பிடித்த பகுதி. அதை எழுதத்தான் எத்தனையோ ஞாயிறு பஸ் ஏறிப்போனது. உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தான். முதலில் பயந்து பயந்து ஓரத்தில் ஒரு வரி, பிறகு பாதிப் பக்கம். எந்த வரி பச்சையனையும் தாஸையும் தொடுகிறதோ அது நிற்கட்டும், மற்றதெல்லாம் போகட்டும் என்று முடிவு செய்தான். ஈரத்தடம் நின்றது, ஏனென்றால் தாஸ் விடிந்ததும் அந்தத் தடம் காய்வதற்குள் அதன்மேல் தன் காலை வைத்துப் பார்க்கிறான். தண்ணீரில் விழும் நிழல் நின்றது. கோடையில் கம்முகிற குரல் நின்றது. சபையில் முதலில் பேசுவது யார் என்கிற முறை முழுக்கப் போய்விட்டது. ஆடியில் பச்சையன் எங்கேயோ போய்விட்டு மூன்று நாள் கழித்து வந்தான், மற்ற காவலர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று ஒரே ஒரு வாக்கியம் மிஞ்சியது.

சொம்பு அப்படி லேசில் வரவில்லை. எழுதுவான், அழிப்பான். தாஸின் கை நடுங்கியது என்று எழுதினால் பொய்யாகத் தெரிந்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அறைக்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, சொம்பில் தண்ணீர் மொண்டு, நிலைக்கு உள்பக்கம் போய் நின்றான். எதிரே வெயில்தான் நின்றது. அன்புசெல்வன் நின்ற இடத்தில் ஹவுஸ் ஓனர் அம்மாவின் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. சொம்பு கொஞ்சநேரத்தில் கனக்க ஆரம்பித்தது. வெளிப்பக்கம் சாய்த்தால் தண்ணீர் நிலையைத் தாண்டிப் போகிறது, சாய்க்கிற கை நிலைக்கு உள்ளேயே இருக்கிறது. ஊற்றுகிறவனுக்குக் குடிக்கிறவனின் முகம் தெரியாது, தொண்டை ஏறி இறங்குவது மட்டும் தெரியும். போதுமென்று அவன் கை காட்டினால் நிறுத்திவிட வேண்டும். ஆகவே அவன் போதுமென்று சொல்லிவிடக் கூடாதே என்று ஊற்றுகிறவன் நூல் மாதிரி மெல்லிசாக ஊற்றுவான்.

"இன்னா லோகு, வாசல்ல தண்ணி தெளிக்கறியா? மொளகா நனைஞ்சிடப் போவுது!" என்று எதிர்ப்பக்கமிருந்து அந்த அம்மா கத்தினாள்.

"இல்லமா" என்று உள்ளே போய்ச் சொம்பை வைத்துவிட்டு, விரலைத் துணியில் ஒற்றி எழுதினான். இரண்டு ஆட்கள், ஒரு சொம்பு, பாதி அத்தியாயம் போயிற்று. நிறுத்த முடியவில்லை. தண்ணீர் தீர்ந்த பிறகு பச்சையன் கேட்கிறான்: "இன்னொரு சொம்பு ஊத்தேன்." தாஸ் கேட்கிறான்: "தாகமா?" பச்சையன் சொல்கிறான்: "இல்ல."

நர்மதா அந்தப் பக்கத்தைப் பிரிண்டரிலிருந்து சூட்டோடு எடுத்து, நின்றபடியே படித்தாள். மற்றப் பக்கங்களோடு அடுக்கித் தட்டி ஒழுங்காக்கி, ஸ்பைரல் போட்டு, முன்னும் பின்னும் அட்டை வைத்தாள். வெளியே ஒன்றும் தெரியாதபடி காக்கி உறை போட்டுக்கொடுத்தாள்.

"ஒங்க ஃப்ரெண்டுக்கு வெக்கம் போயிடுச்சுன்னு சொல்லுங்ணா" என்றாள்.

ஜெரால்ட் பொன்னேரி ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தான். அவனுக்கும் இவனுக்கும் நடுவில் இருக்கிற ஊர். ஞாயிறு ஜெபம் முடிந்து வருவதாகச் சொன்னான். லோகு முன்னாலேயே போய்விட்டான். அடையாளம் எதுவும் பேசிவைத்துக்கொள்ளவில்லை என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது. இறங்குகிற ஒவ்வொரு ஆண்பிள்ளையின் முகத்தையும் பார்த்தான். பார்க்கிறானே என்று ஒருவர் முறைத்துக்கொண்டு போனார்.

ரயில் போன பிறகு நடைமேடையில் ஒருவன் மிஞ்சினான். வெள்ளைச் சட்டை, காதோரம் நரை, கையில் ஜிப் வைத்த கறுப்புப் பை. அவனும் சுற்றுமுற்றும் தேடிவிட்டு, லோகுவின் மடியிலிருந்த காக்கி உறையைப் பார்த்தான். பிறகு லோகுவின் விரல்களைப் பார்த்தான்.

"கரையோரத்தான்?"

லோகு எழுந்து நின்றான். "ஜெரால்டு அண்ணனா?"

"அண்ணனா? எனக்கு ஒங்கள விட ரெண்டு வயசு கம்மி தலைவா. ஏதோ நரைச்சிப்போச்சு, அதுக்குன்னு..." என்று சிரித்து, உடனே சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் நிறுத்தினான். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நடுவில் பை இருந்தது. மோட்டாரைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள், வெயிலைப் பற்றிப் பேசினார்கள். ஜெரால்ட் திரும்ப ஏறவேண்டிய வண்டி கவரைப்பேட்டையைத் தாண்டிவிட்டதாக ஒலிபெருக்கி சொன்னது.

ஜெரால்ட் பையின் ஜிப்பைத் திறந்தான். உள்ளே பைபிளும் பாட்டுப் புத்தகமும் ஒரு பக்கமாக ஒதுங்கி, பாதி இடம் காலியாக இருந்தது.

"நோவுமா?" என்று கேட்டான்.

"நோவும். ஆனா சேந்துதான் இருப்பாங்க."

"அந்த விதி?"

"அப்பிடியேதான் கீது."

ஜெரால்ட் தலையாட்டினான். தண்டவாளம் மெல்ல அதிர ஆரம்பித்தது. லோகு உறையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். கொடுக்கவுமில்லை, வைத்துக்கொள்ளவுமில்லை.

"படிச்சிட்டு, சொல்றதுக்கு போனு வேணாம். பெத்திக்குப்பத்துல என் ரூமு. ஸ்டேஷன்லேர்ந்து நடக்கற தூரம்தான். வந்து, உள்ள உக்காந்து சொல்லுங்க."

ஜெரால்ட் அவனைப் பார்த்தான். வண்டி நடைமேடைக்குள் நுழைந்தது. லோகு நீட்டினான். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.